அடங்காத நுரை

டாக்டரம்மா,

நேற்றுக் காலை ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தால், மேல் துண்டின் ஓரத்தில் பச்சையாகப் பூசணம். திருவொற்றியூரில் நாலு நாளாக மழை. துவைத்த துணியே காயாதபோது ரொட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? "தூக்கிப் போடு, கலீஜா கீது" என்றார் என் வீட்டுக்காரர். நான் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை நனைத்து அந்தப் பச்சையின் மேல் ஒரு சொட்டு தண்ணீர் விட்டேன். சொட்டு உள்ளே இறங்கவில்லை. முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மே, ரொட்டிக்கு ஜோசியம் பாத்துகினு கீறியா?" என்று கேட்டுவிட்டு அவர் துறைமுகத்துக்கு லாரி எடுக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றிருந்தேன். ஊரில் எல்லாரும் செத்துப்போனவர்களைப் பூவைப் பார்த்து நினைப்பார்கள். எனக்கு உங்களை நினைக்கப் பூசணம்தான் கிடைத்தது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்திருப்பீர்கள்.

மணலி போகிற சாலையில், லேத் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில் நம்முடைய ஆராய்ச்சிக்கூடம். நான் கண்ணாடி கழுவுகிறவளாகச் சேர்ந்தபோது, அறைக்கு வெளியே பலகையில் உங்கள் பேருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எனக்கு ஒரு வாரமா முழங்கால் வலி" என்று உங்களிடம் காலை நீட்டினேன். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றீர்கள். "அப்போ இன்னாத்துக்கு டாக்டரு?" என்றேன். "காளான், பூசணம் இதுகளுக்கு" என்றீர்கள். அன்று நான் சிரித்த சிரிப்பில் கீழே லேத் ஓட்டுகிற ஆள் மேலே எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு டாக்டரம்மா. மற்றவர்களுக்கெல்லாம் மேடம்.

உங்களுக்கும் எனக்கும் ஒரே வயது. நீங்கள் ராயபுரத்தில் பிறந்து எங்கெங்கோ போய்ப் படித்துவிட்டு வந்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள். ஆனால் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இரண்டு பேரிடமும் ஒரே நெத்திலி. அந்த நெத்திலிதான் நம்மைச் சேர்த்து வைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எண்ணெய்க் கிணறு என்றால், கீழே கறுப்பாக எண்ணெய் நிற்கும், மேலேயிருந்து உறிஞ்சுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தீர்கள். மெழுகுவர்த்தித் துண்டு மாதிரி உருளையாக அறுத்த மணற்கல்.

"இதுக்குள்ளதான் எண்ணெய் இருக்கு, ராணி."

"கத உடாதீங்க. இது கல்லு."

கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் இருக்கின்றன, அதில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்றீர்கள். தண்ணீரை உள்ளே தள்ளினால் கொஞ்சம் வரும். பிறகு தண்ணீர் தனக்குச் சுலபமான ஒரு வழியைப் பார்த்துக்கொண்டு அதிலேயே ஓடிவிடும். மிச்ச எண்ணெய் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். அதைக் கிளப்பத்தான், பூசணத்தின் மேல் தண்ணீரை ஒட்டவிடாமல் உருள வைக்கிற புரதத்தைப் பிரித்தெடுத்து, தண்ணீரில் கலந்து உள்ளே அனுப்புகிறோம் என்றீர்கள். அந்தப் புரதத்துக்கு ஒரு பக்கம் தண்ணீரோடு சிநேகம், இன்னொரு பக்கம் எண்ணெயோடு சிநேகம். கல்லுக்கும் எண்ணெய்க்கும் நடுவே போய் உட்கார்ந்து, இரண்டையும் பிரித்துவிடும்.

"ரெண்டு பக்கமும் நல்லவன் மாதிரி பேசறதா? அப்போ புரோக்கர்னு சொல்லுங்க."

அந்தப் பேரே நிலைத்தது. புரதத்துக்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பேர் இருந்தது. ஒரு நாள் மேனேஜர் முன்னாலேயே, "இன்னைக்குப் புரோக்கரைக் கொஞ்சம் அதிகமா அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். மேனேஜர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. யாரோ வெளி ஆளுக்குக் கமிஷன் போகிறது என்று அவர் இரண்டு நாள் குழம்பிக்கொண்டிருந்தார்.

நீங்கள் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல் பரிசோதனைக்குப் போகிற பாட்டில், குழாய் எதிலும் சோப்பு படக்கூடாது. முதலில் வெந்நீர், பிறகு ஸ்பிரிட், அதற்குப் பிறகு வடித்த தண்ணீரில் மூன்று அலசல். "சோப்பும் எண்ணெயைக் கிளப்பும், ராணி. அது உள்ளே வந்துட்டா யாரு வேலை செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றீர்கள். நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். அந்த ஒரு திங்கட்கிழமை வரைக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் மாதக் கடைசியில் கூடத்தை மூடிவிடுவோம் என்று மேனேஜர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் உங்கள் புரோக்கர் கொடுத்ததெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு எண்ணெய். ஒரு தடவை வரும், மறு தடவை வராது. நீங்கள் யாரிடமும் பேசாமல் பூசணக் குடுவைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் அக்கா, "இத்தனை வருஷம் படிச்சு ஊசிப்போனதை வளக்கிறா" என்று சொன்னதாக நீங்களே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்த வாரம் அந்தச் சிரிப்பும் இல்லை.

எனக்கு வேறு எதுவும் தெரியாது. பளபளவென்று கழுவத் தெரியும். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், உங்கள் பாட்டிலில் கறுப்புப் பிசுக்கு தெரியக்கூடாது என்று பட்டது. வெந்நீருக்கு அது போகவில்லை. என் பையில் வீட்டுக்கு வாங்கிய பாத்திரம் கழுவுகிற திரவம் இருந்தது. ஊற்றிவிட்டேன். நன்றாக அலசிவிட்டால் போகுது என்றுதான் ஊற்றினேன். அலசும்போது தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் லாரி சடையங்குப்பத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது என்றார்கள். வடித்த தண்ணீரும் ஒரு கேன்தான் பாக்கி. மூன்று அலசலுக்குப் பதில் ஒரு அலசல். கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை மதியம் நீங்கள் போட்ட சத்தத்தில் நான் விளக்குமாற்றோடு ஓடிவந்தேன். அளவுக் குழாயில் விரல் நீளத்துக்கு எண்ணெய். "புரோக்கர் வந்துட்டார், ராணி!" என்று என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினீர்கள். மேனேஜர் வண்ணாரப்பேட்டைக்கு ஆள் அனுப்பி பிரியாணி வாங்கிவரச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

டீ வந்தது. மிச்சப் புரதத் தண்ணீர் இருந்த பாட்டிலை நீங்கள் ஆசையாக ஒரு குலுக்கு குலுக்கி மேஜைமேல் வைத்தீர்கள். நுரை கழுத்து வரைக்கும் வந்தது. நான் டீயை ஊதிக் குடித்து முடித்துவிட்டுப் பார்த்தேன். நுரை போய்விட்டிருந்தது.

உங்கள் புரோக்கரின் நுரையை என்னைவிட யாருக்குத் தெரியும்? அது அடங்காது. முட்டை அடித்த நுரை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். குடுவையை அலசி ஊற்றினால் தொட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் ஊற்றியது மதியம் வரைக்கும் இருக்கும். "உன் நுரைக்கு வாடகை கேக்கணும்" என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அந்த நுரை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அடங்குகிறது என்றால், பாட்டிலுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள். யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் பிரியாணி டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "கறித்துண்டு பெருசு உனக்குத்தான்" என்றீர்கள். என்னால் மெல்ல முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவரிடம் சொன்னேன். "நல்லாதானே வந்துகீது? நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்குற? நாளைக்கு வர்றவன் பாத்துட்டு ஓகே சொல்லிட்டுப் போறான். உன் வேலையும் தங்கும், அந்தம்மா வேலையும் தங்கும். சும்மா குந்து" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் வாய் திறந்தால் கூடம் மூடும். திறக்காவிட்டால், நீங்கள் நாளைக்கு எல்லார் முன்னாலும் நின்று, என் சோப்பைக் காட்டி உங்கள் பூசணம் என்று சொல்வீர்கள். பிறகு எப்போதாவது கிணற்றில் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒன்றும் வராது. அப்போது உங்கள் பேரைத்தான் சொல்வார்கள். என் பேர் அங்கே யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை காலை மாடிப்படியில் உங்களைப் பிடித்தேன். நல்ல புடவை கட்டியிருந்தீர்கள். நான் எப்போதும்போல் கிண்டல் பண்ணப்போகிறேன் என்று நினைத்து, "சொல்லு, கல்யாணப் பொண்ணா, மாமியாரா?" என்றீர்கள்.

"அந்தப் பாட்டில்ல சோப்பு போட்டேன், டாக்டரம்மா. ஒரு தபாதான் அலசினேன். நேத்து வந்தது உங்க எண்ணெ இல்ல."

நான் ஒரு நாளும் உங்கள் வாயில் கேட்காத ராயபுரம் வெளியே வந்தது.

"இன்னாடீ சொல்ற? இன்னாடீ பண்ணி வச்ச? மூணு வருஷம்டீ!"

கையில் இருந்த காகிதத்தை எல்லாம் என் கையில் திணித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டீர்கள். நான் படியிலேயே நின்றேன். மேலே உங்கள் செருப்புச் சத்தம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தது. வேலை போய்விட்டது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். நம்ப மாட்டீர்கள், வேலை போனதைப் பற்றி எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் நெத்திலியை யாரோடு சாப்பிடுவது என்றுதான் நினைத்தேன்.

கீழே வரும்போது உங்கள் கண் சிவந்திருந்தது. முதலில் கேட்டது இதுதான்: "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நுரையைச் சொன்னேன். "டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ளயா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு நடுவில் உங்கள் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. "சோப்பு உள்ளே வந்தா புரதத்தை இடிச்சுத் தள்ளிட்டு அந்த எடத்துல தானே உட்கார்ந்துக்கும். அதான் நுரை நிக்கல" என்று எனக்கா, சுவருக்கா என்று தெரியாமல் சொன்னீர்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். அதில் வயதானவர் காவிரிக் கரைப் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். மேனேஜர் எண்ணெய் நின்ற குழாயைத் தங்கம் மாதிரி தூக்கிக் காட்டினார். நீங்கள் எழுந்து, "மன்னிக்கணும். இது எங்க புரதம் செய்தது இல்லை. என் பாட்டில் சுத்தமா இல்லை" என்றீர்கள்.

என் பாட்டில் என்றீர்கள். ராணி கழுவிய பாட்டில் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் என்னால் கதவோரம் நிற்க முடியவில்லை. "அவங்க இல்ல சார், நான்தான் கழுவினேன். கண்டுபிடிச்சுச் சொன்னதும் நான்தான்" என்று உள்ளே போய்விட்டேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியவர் மட்டும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீங்களா கண்டுபிடிச்சீங்க? எப்படிம்மா?"

"ரெண்டு பாட்டில் குடுங்க சார், காட்டுறேன். ஆனா டீ வாங்கித் தரணும்."

அவர் சிரித்துவிட்டார். ஒன்றில் சுத்தமான புரதத் தண்ணீர், இன்னொன்றில் நான் கெடுத்தது. இரண்டையும் குலுக்கி வைத்தேன். எல்லாரும் டீ குடித்தோம். மேனேஜர் குடிக்கவில்லை. டீ முடியும்போது ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் நுரை கொழுக்கட்டை மாதிரி நின்றது.

பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க ஊருல இதுவரைக்கும் எத்தனையோ பேரு பாட்டிலோட வந்திருக்காங்க, தாயி. பாட்டிலு அழுக்குன்னு சொன்ன ஆளை நான் பாத்ததில்லே" என்றார். அப்புறம் உங்களிடம், "மறுபடியும் செய்ங்க. வந்தா என்ன வந்துச்சோ அதைச் சொல்லுங்க. நகம் அளவுன்னா நகம் அளவுன்னு சொல்லுங்க" என்றார்.

கூடம் மூடவில்லை. பழைய குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டு நீங்கள் மறுபடியும் செய்தீர்கள். முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் டீ குடித்த பிறகுதான் கல்லுக்குள் அனுப்பினோம். எண்ணெய் விரல் நீளம் வரவில்லை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் மூன்று தடவையும் வந்தது. அதற்கு முன்னால் ஏன் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஆள் எல்லாவற்றையும் சோப்பில்தான் கழுவியிருக்கிறார், சிலவற்றை நன்றாக அலசி, சிலவற்றை அரைகுறையாக. அவர் விட்டுப்போன குழாய்களை அந்த வியாழக்கிழமை வரை நாம் மாற்றவே இல்லை. நீங்கள் அன்று என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. குழாயை எல்லாம் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு, "உன்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றீர்கள். "தெரியும், இன்னிக்கு நெத்திலியக் குடுக்கல" என்றேன். டப்பாவை நகர்த்தினீர்கள்.

போன வருஷம் உங்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தது. அந்த மாடிப்படிக்கு அப்புறம் என் வாயில் கிண்டல் வராத இரண்டாவது தடவை அது. நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள்.

"ராணி, ரிப்போர்ட் எடுத்தாங்களே, அந்தப் பாட்டிலைக் கழுவினது யாருன்னு கேட்டியா?"

"கேட்டுட்டு வர்றேன், டாக்டரம்மா" என்று வெளியே வந்து, வராந்தாவில் ஒரு தூண் பின்னால் நின்று அழுதேன். பிறகு உண்மையாகவே போய் நர்ஸம்மாவிடம் கேட்டேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். இரண்டு தடவை எடுத்தார்களாம். பாட்டில் சுத்தமாகத்தான் இருந்ததாம். உள்ளே வந்து உங்களிடம் அதைச் சொன்னேன். நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை. நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி. அப்போ வந்தது வந்ததுதான்" என்றீர்கள்.

உங்கள் புரோக்கர் இன்னும் கிணற்றுக்குள் இறங்கவில்லை. கூடத்தில் இப்போது உங்கள் இடத்தில் ஒரு சார் இருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். போன வாரம் அவர் குழாயில் நல்ல எண்ணெய் வந்தது. நகம் இல்லை, விரலும் இல்லை, நடுவில். கை தட்டினார்கள். அவர் உடனே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிடப் போனார்.

"சார், ஒரு நிமிஷம். அந்தப் பாட்டிலைக் கழுவினது யாருன்னு கேளுங்க" என்றேன்.

"யாருக்கா கழுவினது?"

"நான்தான். மூணு அலசல் அலசினேன். ஆனா நீங்க என்னை நம்பாதீங்க. குலுக்கி வச்சுப் பாருங்க."

அவருக்குக் குழப்பம். "உங்கமேல உங்களுக்கே சந்தேகமாக்கா?"

"என்னை யாரு சந்தேகப்பட்டாலும் எனக்குக் கோவம் வராது சார். அப்படி ஒரு ஆளு இங்க வேணும். அது நானே இருந்துக்கறேன்."

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பாட்டிலைக் குலுக்கி ஜன்னலில் வைத்தார். கீழே டீக்கடைக்குப் போனோம். அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டு மூன்று வாயில் முடித்துவிட்டு, மாடியைப் பார்த்தபடி நின்றார். நான் மெதுவாகத்தான் குடித்தேன், டாக்டரம்மா. கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாக.